வாரம் ஒரு பாடல்: புனே நகரம் சேமித்த ஓர் இசைத்தொகுப்பு

பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறந்து பொருள்களைப் பட்டியலிடுவது வங்கி அலுவலர்களுக்குப் பழகிய வேலை. பெட்டகதாரர் காலமான பின், அவர் குறித்து வைத்த நியமனதாரர் வருவார். சாட்சிகள் இருவர் முன்னிலையில் பெட்டகம் திறக்கப்படும். உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக எழுதப்படும். பெரும்பாலும் நகைகள், நிலப்பத்திரங்கள், பழைய சேமிப்புப் பத்திரங்கள். எழுதுகிறவருக்கும் எதிரே அமர்ந்திருப்பவருக்கும் இடையே அதிகப் பேச்சு இராது.

சில ஆண்டுகளுக்கு முன், புனேயில் நான் பணியாற்றிய ஒரு கிளையில் அத்தகைய பெட்டகம் ஒன்றைத் திறந்தோம். பெட்டகதாரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய துணைவியார் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தார். மகள்கள் இருவரும் வந்திருந்தனர். இரண்டு வளையல்கள், ஒரு மங்கலசூத்திரம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை எழுதி முடித்த பின், துணியில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்று மிஞ்சியது. பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு கேசட். அதன் மேல் மராத்தியில் 'கீத ராமாயணம்' என்று மையால் எழுதியிருந்தது. பட்டியலில் 'ஒலிநாடா – 1' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வளையலைப் பார்த்தபோது கலங்காத மூத்த மகள், கேசட்டைக் கையில் எடுத்ததும் அழத் தொடங்கினார்.

“சாஹேப், இதில் ஆயியின் குரல் இருக்கிறது. வானொலியில் பாட்டு ஓடும்போது பாபா பதிவு செய்தார். நடுவில் ஆயி எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள்” என்றார்.

அக்குடும்பத்தாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கேசட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்வேன். கடையில் விலைக்குக் கிடைக்கக்கூடிய பாடல்களை ஒருவர் நகையோடு நகையாக ஏன் பூட்டி வைத்தார்? ஓர் இசைத்தொகுப்பின் மீது மனிதர்களுக்கு இத்தகைய பற்று எப்படி உண்டாகிறது? அன்று தோன்றிய இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது, நான் வாழவந்த இந்நகரத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் எனக்குத் திறந்தது.

56 தவணைகள்

புனே வானொலி நிலையம் 1953-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே பொறுப்பில் இருந்த சீதாகாந்த் லாட், மக்கள் விரும்பிக் கேட்கும் வகையிலும் நற்கருத்து உள்ளதாகவும் ஒரு தொடர் நிகழ்ச்சியை உருவாக்க எண்ணினார். தம் நண்பரும் மராத்திக் கவிஞருமான கஜானன் திகம்பர் மாட்கூள்கரை அணுகினார். மகாராஷ்டிரத்தில் 'கதிமா' என்றாலே எல்லோருக்கும் தெரியும். பெயரின் முதலெழுத்துகளே பெயராகிவிட்ட கவிஞர் அவர். வால்மீகி சொன்ன கதையைப் பாடல்களாகவே சொல்லலாம் என்ற திட்டம் உருவாயிற்று. இசையமைக்கும் பொறுப்பைச் சுதீர் பட்கே ஏற்றார். கவிஞரும் இசையமைப்பாளரும் 1919-இல் பிறந்த ஒத்த வயதினர். திரைப்படங்களில் முன்பே இணைந்து பணியாற்றியவர்கள். பட்கேயின் இயற்பெயர் ராமச்சந்திரன் என்பது இனிய ஒரு தற்செயல்.

1955 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, ராம நவமி. அன்று காலை முதற்பாடல் ஒலிபரப்பாயிற்று. அது முதல் வாரம் ஒரு பாடல். ஆண்டுக்கு 52 வாரம் என்ற கணக்கில் 52 பாடல்கள் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் அவ்வாண்டு பஞ்சாங்கத்தில் அதிக மாதம் ஒன்று வந்தமையால் அடுத்த ராம நவமி தள்ளிப்போயிற்று. அதற்கேற்பப் பாடல்களின் எண்ணிக்கையும் 56 ஆயிற்று.

முதற்பாடலைப் பற்றி ஒரு செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. கவிஞர் எழுதிக் கொடுத்த தாள் எங்கோ தொலைந்துவிட்டதாம். ஒலிப்பதிவுக்கு எல்லோரும் காத்திருக்க, கவிஞர் கோபம் கொண்டாராம். லாட் அவரை ஓர் அறையில் தாளும் எழுதுகோலுமாக அமர்த்தி வெளியே தாழிட்டாராம். கால் மணி நேரத்தில் முழுப்பாடலும் மீண்டும் எழுதப்பட்டு வெளியே வந்ததாம். இத்தகைய நெருக்கடிகளுக்கு நடுவே வாரந்தோறும் தவறாமல் ஒரு புதுப்பாடலை எழுதி, மெட்டமைத்து, பயிற்சி செய்து, ஒலிபரப்பியதே பெருஞ்சாதனை.

வானொலியில் பாடியவர் ஒருவர் அல்லர். பாத்திரத்துக்கு ஏற்பப் பலர் பாடினர். மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே, லதா மங்கேஷ்கர், சுதீர் பட்கே, அவருடைய துணைவியார் லலிதா பட்கே முதலியோர் அத்தொடரில் குரல் கொடுத்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட ராகங்கள் கையாளப்பட்டன. பாடல் ஒலிக்கும் நேரத்தில் வீடுகளில் வானொலிப் பெட்டிக்குப் பூமாலை சூட்டி ஊதுவத்தி ஏற்றினார்கள் என்று அக்காலத்தவர் நினைவுகூர்வர். நாளிதழ்கள் பாடல் வரிகளை வெளியிட்டன. 1957-இல் மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவே பாடல்களை நூலாக அச்சிட்டது. பின்னர், 1960-களில், 56 பாடல்களையும் சுதீர் பட்கே ஒருவரே பாட, எச்.எம்.வி. நிறுவனம் அவற்றைப் பத்து நெடுநேர இசைத்தட்டுகளாக வெளியிட்டது. நூற்றுக்கணக்கான மேடைகளில் அவர் இத்தொகுப்பைப் பாடினார். இந்தி, கன்னடம், தெலுங்கு, வங்காளம் எனப் பல மொழிகளில் பாடல்கள் பெயர்க்கப்பட்டன. வெள்ளி விழாவும் பொன்விழாவும் கொண்டாடப்பட்டன. மாட்கூள்கரை 'இக்கால வால்மீகி' என்று மக்கள் அழைத்தனர்.

வங்கிப் பணியில் இருப்பவனாதலால் எனக்கு இது ஒரு தொடர் வைப்புக் கணக்காகவே தோன்றுகிறது. ஒரே நாளில் பெருந்தொகையைக் கட்டிவிடுவதன்று அது. சிறு தொகையை, குறித்த நாளில், தவறாமல் கட்டிக்கொண்டே வருவது. ஓராண்டுக் காலம் வாரந்தோறும் ஒரு பாடலாக நகரத்தின் நினைவில் கட்டப்பட்ட தவணைகளே பின்பு முதிர்ந்து, எழுபது ஆண்டுகளாகப் பலன் தந்து கொண்டிருக்கின்றன.

வரிசை என்னும் வலிமை

'ஆல்பம்' என்ற சொல் இசைக்கு எப்படி வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடமே பாட முடியும். நீண்ட இசைப்படைப்பு ஒன்றைக் கேட்கப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அத்தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போலவே கெட்டி அட்டைப் புத்தகத்தில், ஒவ்வொரு தாளுறையிலும் ஒன்றாகச் செருகி விற்றார்கள். அதனால் தொகுப்புக்கே அப்பெயர் நிலைத்தது. 1948-இல் நெடுநேர இசைத்தட்டும், 1963-இல் கேசட்டும், 1982-இல் குறுந்தட்டும் அறிமுகமாயின. கருவிகள் மாறிய போதும் ஆல்பம் என்ற பெயர் மாறவில்லை. ஏனெனில் அச்சொல் குறிப்பது தட்டையன்று. பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் வரிசையை.

கீத ராமாயணத்தின் வரிசை மிக நுட்பமானது. முதற்பாடலில் குசனும் லவனும் ராமன் அவையில் அமர்ந்து ராமாயணம் பாடுகிறார்கள். பாடுபவர்கள் தன் மைந்தர்கள் என்பதை அறியாமல் ராமன் கேட்கிறான். அப்பாடல் இந்துஸ்தானி பூப் ராகத்தில் அமைந்தது. நம் மோகனத்துக்கு இணையானது அந்த ராகம். அங்கிருந்து கதை அயோத்திக்குப் பின்னோக்கிச் சென்று, பிறப்பு, திருமணம், வனவாசம், போர், பிரிவு என்று நடக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதில் பங்குகொண்ட ஒருவரின் வாய்மொழியாகவே வருகிறது. கோசலை பேசுகிறாள், பரதனிடம் ராமன் பேசுகிறான், சீதை பேசுகிறாள், அனுமன் பேசுகிறான். இறுதியாக, 56-ஆம் பாடலில், ராமன் திருமுன் சென்று ராமாயணம் பாடுமாறு வால்மீகி அச்சிறுவர் இருவரையும் பணிக்கிறார். கச்சேரியைப் பைரவியில் நிறைவு செய்வது இந்துஸ்தானி மரபு, இப்பாடலும் பைரவியே. அவர்கள் போய்ப் பாடப்போவது எது? நாம் ஓராண்டுக்கு முன் கேட்ட அதே முதற்பாடல். முடிவு தொடக்கத்தில் போய்ச் சேர்கிறது.

தனிப்பாடல் ஒன்றை மட்டும் கேட்பவர் அதன் இனிமையை உணர்வார். இந்த வட்டத்தை உணர மாட்டார். அதற்கு முழுத்தொகுப்பையும் வரிசையாகக் கேட்க வேண்டும். தொகுப்பைக் காதலிப்பவர்கள் அதன் ஒவ்வொரு பாடலையும் ஒரே அளவில் விரும்புவதில்லை. ஆயினும் எந்தப் பாடலையும் தாண்டிச் செல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை. அடுத்த பாடலுக்கு அழைத்துச் செல்லும் படியாக அதுவும் தேவைப்படுகிறது.

இதைத் தமிழர் வேறொரு வழியில் நன்கு அறிவர். 1980-களிலும் 1990-களிலும் ஊர்தோறும் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. விருப்பமான திரைப்பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு அல்லது ஏழு பாடல்கள். எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்று நாங்கள் நண்பர்கள் மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். இன்று அந்தப் பாடல்களில் ஒன்று பேருந்திலோ தேநீர்க் கடையிலோ ஒலித்து முடியும்போது, என் மனம் என்னையறியாமல் அந்தக் கேசட்டின் அடுத்த பாடலை எதிர்பார்க்கிறது. வேறொரு பாடல் வந்தால் சிறு ஏமாற்றம். கடைக்காரர் நேரம் போதாமல் பாதியில் வெட்டிய பாடல் ஒன்று, முழுதாக ஒலிக்கும்போது எனக்கு இன்றும் அந்நியமாகவே கேட்கிறது. வரிசை நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காத்திருந்தும் கூடியிருந்தும் கேட்டவை

வரிசை மட்டுமே பற்றை உண்டாக்கிவிடாது. புனேயில் மூத்த வாடிக்கையாளர்களிடம் பேசும்போது நான் கண்ட மற்றொன்று, அவர்கள் பாடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் விரைவிலேயே வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது. ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வரும் நவம்பர் மாதத்தில், வரிசையில் அமர்ந்திருப்பவர்களிடம் கீத ராமாயணம் என்று சொன்னால் போதும். ஒருவர், எங்கள் வாடாவில் ஒரே ஒரு வானொலிப் பெட்டிதான் என்பார். நடுவே முற்றமும் சுற்றிலும் பல குடித்தனங்களுமாக அமைந்த பழைய புனே வீடுகளுக்கு வாடா என்று பெயர். பெட்டி வைத்திருந்தவர் ஒலியைக் கூட்டி வைக்க, முற்றம் முழுவதும் கேட்குமாம். இன்னொருவர், பாட்டு முடியும் வரை பள்ளிக்குப் புறப்பட மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சொல்வார். பாடலின் ராகத்தைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அருகில் யார் அமர்ந்திருந்தார் என்பதை எல்லோருமே சொன்னார்கள்.

ஒரு வாரக் காத்திருப்பு பாடலின் மதிப்பை உயர்த்தியது. கேட்டதை மீண்டும் உடனே கேட்க முடியாது என்பதால் கவனமாகக் கேட்டார்கள். பலர் சேர்ந்து கேட்டதால், மறந்த வரியை இன்னொருவர் நினைவூட்டினார். இவ்வாறு ஒரு தொகுப்பு, கேட்டவர்களின் பொதுச்சொத்தாயிற்று. டிசம்பர் மாதம் இங்கே நடைபெறும் சவாய் கந்தர்வ விழாவிலும் இதே இயல்பைக் காணலாம். பண்டிட் பீம்சேன் ஜோஷி தம் குருநாதர் நினைவாக 1953-இல் தொடங்கிய விழா அது. குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு, மூன்று தலைமுறையினர் ஒரே விரிப்பில் அமர்ந்து கேட்கும் காட்சியை அங்கே கண்டிருக்கிறேன். பீம்சேன் ஜோஷியின் அபங்கத் தொகுப்புகள் மகாராஷ்டிரத்து வீடுகளில் நிலைபெற்றதற்கும், ஆண்டுதோறும் பண்டரிபுரம் நோக்கி நடக்கும் வாரகரிகளின் கூட்டுப்பாட்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. கூட்டமாகப் பாடியதையே அவர் குரலில் மக்கள் தனியே கேட்டார்கள்.

சீர்காழி தந்த பாடம்

ராமகதையைப் பாடல்களின் தொகுப்பாக ஆக்கியது மராத்தியில் மட்டும் நடந்ததன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே தமிழில் அது நடந்திருக்கிறது. தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டில் கம்பனைப் பின்பற்றி ராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். அங்கும் கவிஞர் வேறு, இசையமைத்தவர் வேறு. சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வெங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் மாணவர் இருவர் பாடல்களுக்கு மெட்டமைத்தனர். கம்பராமாயணம் போலவே அதுவும் திருவரங்கத்தில் அரங்கேறியது. அதன் பாடல்கள் கதாகாலட்சேப மேடைகளிலும் கச்சேரிகளிலும் பரவின. வீதியில் நடப்பவரும் முணுமுணுக்கும் அளவுக்கு அவை எளியவை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ராம நாடகத்தின் சொற்கள் ஏட்டிலும் அச்சிலும் தப்பிப் பிழைத்தன. மெட்டுகளுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. இன்று மேடைகளில் நாம் கேட்டு மகிழும் ராம நாடகப் பாடல்கள் பலவற்றின் மெட்டுகள் பிற்காலத்தவர் அமைத்தவை. அவை இனியவையே. எனினும் சீர்காழியில் கவிராயர் முன் அம்மாணவர்கள் பாடிக்காட்டிய அதே ஒலியை நாம் இனிக் கேட்க வழியில்லை. சொல் பிழைத்தாலும் குரல் பிழைப்பதில்லை. குரலைப் பிழைக்க வைக்கும் கருவி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மனிதன் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் குரல்கள் அழிகின்றன என்றால், அதற்குக் காரணம் கருவியின்மை அன்று, நம் கவனமின்மையே.

நம் வீட்டு விடியல்கள்

புனேயின் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. விடியற்காலையில் அத்தெருக்களில் நடந்தால், ஏதேனும் ஒரு சன்னல் வழியே எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் காதில் விழும். 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்த அத்தொகுப்பின் உரிமைத்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் திருப்பணிக்கே உரியதாக்கினார். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசமும் அவ்வாறே காதில் விழும். அவற்றை 'எனக்குப் பிடித்த ஆல்பம்' என்று யாரும் சொல்வதில்லை. விளக்கேற்றுவது போல அவை வீட்டின் நடைமுறையாகிவிட்டன. ஒரு தொகுப்பு அடையக்கூடிய உயர்ந்த நிலை ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

பிறகு, தனியே கேட்டு நேசித்த தொகுப்புகளும் உண்டு. 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்?' எங்கள் தலைமுறைக்கு அத்தகையது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் பாட்டு வரிகள் இல்லை, திரைக்கதை இல்லை, நடிகர் இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னிற்க, இசை மட்டுமே பேசியது. சொல்லில்லாத இசையை முழுமையாக உட்கார்ந்து கேட்கலாம் என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர் பலர் அக்கேசட்டில்தான் கற்றுக்கொண்டனர். 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசன இசைத்தட்டுகளைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டு, படம் பார்க்காமலே வசனத்தை மனப்பாடம் செய்தவர்களும் நம்மிடையே உள்ளனர்.

வணிகவியல் படித்த எனக்குச் சொத்துகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சந்தையில் விலையுள்ளவை ஒருவகை. உரியவருக்கு மட்டுமே மதிப்புள்ளவை மற்றொரு வகை. பிடித்தமான இசைத்தொகுப்பு இரண்டு வகையிலும் சேரும். அதன் ஒலி எல்லோருக்கும் உரியது, எங்கும் கிடைக்கும். நம் வீட்டில் தேய்ந்து, கீறல் விழுந்து, யாரோ ஒருவருடைய கையெழுத்தைச் சுமந்திருக்கும் அந்தப் பிரதியோ ஒன்றே ஒன்றுதான்.

பூட்டி வைப்பதும் காத்து வைப்பதும்

இனி, பெட்டகத்துக் கேசட்டுக்கு வருகிறேன். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒருவரிடம் மகள்கள் அதைக் கொண்டு சென்றனர். அவர் உடனே ஓடவிடவில்லை. கேசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மீது இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையால் ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் ஈரம் ஏறினால் பசை இளகும். ஒரு சுற்று மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் துகள் உரிந்து வரும். துகளோடு ஒலியும் போய்விடும். புனேயின் மழைக்காலம் நான்கு மாதம். அந்தக் கேசட் இருபதுக்கும் மேற்பட்ட மழைக்காலங்களை இரும்புப் பெட்டிக்குள், ஒருமுறையும் சுழலாமல் கழித்திருந்தது.

முதற்பக்கம் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் ஆசிரியரின் குரல், தேதியையும் பாடலின் எண்ணையும் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பவர் போலத் தெளிவாகச் சொல்கிறது. பின்னணியில் எங்கோ குக்கரின் விசில். ஒரு குழந்தையின் சிரிப்பு. அது தன்னுடையதே என்றார் இளையவர். இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதி மீளவில்லை. ஆயி சாப்பிடக் கூப்பிடும் இடம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்து மூத்த மகள் வேறொரு வேலையாகக் கிளைக்கு வந்தார். தந்தையின் குரல் கிடைத்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பத்திரமாக இருக்கிறது என்றுதான் பாபா இங்கே வைத்தார், சாஹேப்” என்றார். பெட்டகப் பிரிவின் பொறுப்பில் இருந்த எனக்கு அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. திருடனிடமிருந்து காப்பது எங்கள் பெட்டகம். ஈரத்திடமிருந்தும் காலத்திடமிருந்தும் காக்க அது அமைக்கப்பட்டதன்று. வைப்புத்தொகை காலம் செல்லச் செல்ல வளரும். ஒலிநாடாவோ காலம் செல்லச் செல்லத் தேயும். பூட்டி வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு என்பதை அன்று அறிந்தேன்.

அதனால் வாடிக்கையாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீட்டுப் பரணிலும் அலமாரியிலும் கிடக்கும் கேசட்டுகளை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். குடும்பத்தார் குரல் பதிந்தவற்றை முதலில் பிரித்தெடுங்கள். கடையில் வாங்கிய தொகுப்புகள் காத்திருக்கலாம். பூஞ்சை படிந்ததையும் ஒட்டிக்கொண்டதையும் நீங்களே ஓடவிடாமல், அத்தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளதைக் கேட்கும் முன், கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தட்டுகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன் மேல் மீண்டும் பதிவாகாமல் இருக்கும். கேசட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். ஒலிபெருக்கி, காந்தம், வெயில் ஆகியவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். கேட்புக் கருவியைக் கணினியுடன் இணைத்து ஒலியைக் கோப்பாக மாற்றிய பின், ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று பிரதிகளாக, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். எல்லாச் சேமிப்பையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது என்பது பணத்துக்கு மட்டும் உரிய அறிவுரையன்று. கோப்பின் பெயரில் குரல் யாருடையது, ஆண்டு எது என்று எழுதிவையுங்கள். பெட்டகத்துக்கும் வைப்புக் கணக்குக்கும் நியமனதாரரைக் குறித்து வைப்பது போல, இவற்றையும் உங்களுக்குப் பின் யார் பாதுகாப்பார் என்று சொல்லிவையுங்கள்.

இன்று பாட்டு எதுவாயினும் கைப்பேசியில் நொடியில் கிடைக்கிறது. குறைகூறும் எண்ணம் எனக்கில்லை. கீத ராமாயணத்தின் 56 பாடல்களையும் நான் கேட்டது அவ்வழியில்தான். ஆயினும் ஒன்றை மட்டும் முயன்று பார்த்தேன். ஒரே மூச்சில் கேட்காமல், வாரம் ஒரு பாடலாக, வெள்ளிக்கிழமை காலையில், அலுவலகம் புறப்படும் முன் குடும்பத்தோடு அமர்ந்து வரிசை மாறாமல் கேட்டோம். முதல் மாதம் என் மகனுக்குப் பொறுமையில்லை. மூன்றாம் மாதத்தில், நான் மறந்த ஒரு வெள்ளிக்கிழமை, “அப்பா, இன்னிக்குப் பாட்டு?” என்று அவனே கேட்டான். மராத்தி அவனுக்கு என்னைவிட நன்றாக வரும். எனக்குப் புரியாத இடங்களில் அவனே பொருள் சொன்னான்.

பாடல்களை அவன் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பான் என்று தெரியாது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து எங்கேனும் அந்த முதற்பாடல் ஒலித்தால், புனேயில் எங்கள் வாடகை வீட்டுக் கூடமும், காப்பி மணமும், பேருந்துக்கு நேரமாகிறது என்று அவன் அம்மா சொல்லும் குரலும் அவனுக்கு நினைவு வரும் என்று நம்புகிறேன். அந்தக் குரலை ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் யாரும் அறியாமல், நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். மூன்று பிரதிகள், மூன்று இடங்களில் உள்ளன.